மனுவில் கோபம் இருந்தது, தேதி இல்லை

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காரைக்கால் மாவட்டம், மயிலாடுதுறை மாவட்ட எல்லைக்கு நடந்தே போய்விடலாம், அப்படி ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். ஜெராக்ஸ் என்று போர்டு போட்டிருந்தாலும் முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், சாதிச் சான்றிதழ், கரண்ட் மீட்டர் என்று யாருக்கு எந்த மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பதினேழு வருடமாக மனு எழுதிப் பிழைக்கிறவன், என் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் ஒயின்ஷாப் மேல் எழுதிய முதல் மனு சுத்தமாக ஊற்றிக்கொண்டது. ஏன் ஊற்றிக்கொண்டது, இரண்டாவது ஏன் கொஞ்சம் வேலை செய்தது என்று எழுதி வைக்கிறேன், எங்களைப் போல எல்லையோரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிற ஊர்க்காரர்களுக்கு உதவலாம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முதலில் ஒரு விஷயம். உங்கள் பக்கம் 2003 கடைசியிலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசு கையில். எங்கள் பக்கம் அப்படி இல்லை. புதுச்சேரி கலால் துறை தனியாருக்கு உரிமம் கொடுக்கிறது, ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை ஒரு வருடம், அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்த ‘புதுப்பிக்க வேண்டும்’ என்பதில்தான் எங்களுக்குப் பிடி கிடைத்தது. அது எனக்குப் புரிய ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது வேறு கதை.

கடை முதலில் மெயின் ரோட்டில்தான் இருந்தது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது, 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்குக் குறைவாக இருக்கும் ஊர்ப்பகுதிகளுக்கு 220 மீட்டர் என்று குறைத்தது. சாலையில் போகிறவன் உயிர் பிழைக்க வேண்டும் என்று வந்த தீர்ப்பு, நல்ல தீர்ப்புதான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த 220 மீட்டரை அளந்து பார்த்தால் அது எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. ரோட்டோரம் இருந்த கடை பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற வழிக்கு வந்து சேர்ந்தது. பின்னாடி வாய்க்கால், அதைத் தாண்டி வயல்.

கூட்டத்துக்கும் காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் அரசுக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், எங்கள் பக்கம் காலையிலேயே ஷட்டர் ஏறிவிடும். விலை கம்மி. அந்தப் பக்கம் 21 வயது ஆக வேண்டும், இங்கே 18. பத்து பைக் நின்றால் ஏழு டி.என். 82, மூன்றுதான் எங்கள் பி.ஒய். 02. தை மாசி அறுவடை சமயம் கேட்கவே வேண்டாம், ஆத்தூர் பக்கத்திலிருந்து கதிர் அறுக்கும் மெஷினோடு வருகிற டிரைவர் பையன்கள், கையில் கூலிக் காசு, வீடு எங்கேயோ.

முதல் குத்து 2023 காணும் பொங்கல் அன்று. பைக் நிறுத்துகிற தகராறு, பீர் பாட்டில், ஒருவனுக்கு மண்டையில் பதினோரு தையல். மறுநாள் காலையிலேயே அது ‘எந்தத் தெரு பையன் எந்தத் தெரு பையனை அடித்தான்’ என்று மாறிவிட்டது. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். குடித்துவிட்டு இரண்டு பேர் அடித்துக்கொண்டது விடிவதற்குள் இரண்டு தெருச் சண்டையாகி, டீக்கடையில் கூட ஆள் பார்த்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்த இரத்தத்தைவிட இதுதான் பயமாக இருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் முதல் மனு. நான்தான் எழுதினேன். ‘எங்கள் ஊரின் அமைதியைக் குலைக்கும், தாய்மார்களின் தாலியைப் பறிக்கும்’ என்று மூன்று பக்கம், 312 கையெழுத்து, கைநாட்டு உட்பட. எல்லோரும் வேனில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது: இது சட்டம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது, காவல் துறையை அணுகவும். காவல் நிலையத்துக்குப் போனால் ‘லைசென்ஸ் குடுத்தது கலால், நாங்க எப்படி மூட முடியும்? சண்டை போட்டவன் மேல புகார் குடுங்க’ என்றார் உட்கார்ந்திருந்தவர். அவர் சொன்னதும் தப்பில்லை, அதுதான் எரிச்சல். தமிழ்நாட்டில் கிராம சபையில் தீர்மானமாவது போடுவார்கள், எங்களுக்கு அதற்குத் தலைவர்கூட இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல், ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. கொம்யூன் பஞ்சாயத்து என்று எங்கள் பக்கத்து உள்ளாட்சி அமைப்பில் ஆணையர் இருக்கிறார், அவரும் அதிகாரிதான்.

மனு அங்கேயே செத்தது. நானும் விட்டுவிட்டேன்.

2024 ஆடிப்பெருக்கு, சனிக்கிழமை. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அன்றைய கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரு பையன் குனிந்து உள்ளே வந்து பேப்பர் பண்டல் மேல் உட்கார்ந்தான். இருபது வயசு இருக்கும். ‘அண்ணே, கொஞ்சம் தண்ணி’ என்றான். பாட்டிலைக் கொடுத்தேன், இடது கையால் வாங்கினான், அப்போதுதான் பார்த்தேன், வலது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கிழிந்து தொங்குகிறது. துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினேன். ‘போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே, வீட்ல தெரிஞ்சா அப்பா செத்துருவாரு’ என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். கூட்டாளிகள் வந்து பைக்கில் நடுவில் உட்கார வைத்து எல்லை தாண்டி அந்தப் பக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விடிகாலை ஒயின்ஷாப் பையன் இரண்டு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுவந்து வாசலைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவினான். ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது தெரு. என் கடையில் மேல் பண்டலின் உறை மட்டும் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அதைத் தூக்கிப் போடப் போகும்போதுதான் எங்கள் தெருக்கோடி மாமா வந்தார், ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஜெராக்ஸ் எடுக்க வந்தாலும் உட்கார்ந்து அரைமணி பேசாமல் போகமாட்டார். பழைய மனு நகலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். ‘நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. கோவம் இருக்கு. ஒரு தேதிகூட இல்லையே?’ என்றார். அப்புறம் கேட்டார்: ‘குத்துனது கடைக்காரனா? இல்ல. அப்ப அவன் லைசென்ஸ்ல எதுக்குக் கை வைக்கணும்? அவன் என்ன செய்யாம விட்டான், என்ன செய்யக் கூடாததச் செஞ்சான், அதனாலதான் இது நடந்துதுன்னு காட்டணும். அந்தக் கயிறு எங்க?’

நான் யோசித்தே பார்க்காத கேள்வி. 312 பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்றே எண்பது பக்க நோட்டு ஒன்று எடுத்தேன். தேதி, மணி, என்ன நடந்தது, கடைக்கு உள்ளேயா வெளியிலா, யார் பார்த்தார்கள், போலீசுக்குப் போன் போனதா. ஒரு நாளைக்கு ஒரு வரி, அன்றன்றைக்கே. மொத்தமாக மாசக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் பேனா மை, கையெழுத்து எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும் என்றார் மாமா. ‘அட்டகாசம்’, ‘அராஜகம்’ மாதிரி வார்த்தை எல்லாம் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ‘செப்டம்பர் 14, இரவு 9.40, கொட்டகைக்குள் சத்தம், மூன்று பேர் வெளியே ஓடி வந்தனர், ஒருவர் சட்டையில் இரத்தம்’, இவ்வளவுதான். எழுத எழுத எனக்கே ஒன்று பிடிபட்டது. இரண்டு மாதத்தில் 19 வரி. அதில் 14 சண்டை ஆரம்பித்தது கடைக்குப் பின்னாடி வாய்க்கால் பக்கம் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில். தெருவில் வந்து வெடிக்கிறது, அதனால் தெருச் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதே சமயம் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், அவ்வளவுதான் செலவு. இதில் நான் வழக்கமாகச் செய்கிற தப்பையும் மாமா திருத்தினார். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். காகிதமாக இருப்பதைத்தான் கேட்க வேண்டும். உரிமம் எந்த சர்வே எண்ணுக்கு, உட்கார்ந்து குடிக்க அனுமதி உண்டா, அனுமதித்த இடத்தின் வரைபட நகல், திறக்கும் மூடும் நேரம், உரிம நிபந்தனைகளின் நகல், கடந்த மூன்று வருடத்தில் ஆய்வு செய்த தேதிகள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தந்தார்கள், ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று கைவிரித்து. முதல் மேல்முறையீடு போட்டோம். அரசு கொடுத்த உரிமம், பொது இடத்தில் நடக்கிற வியாபாரம், இதில் என்ன மூன்றாம் நபர் என்று நான்கே வரி. அதிலும் கிடைக்காவிட்டால் எங்களுக்கு டெல்லியில் இருக்கும் மத்திய தகவல் ஆணையம்தான், யூனியன் பிரதேசம் என்பதால். நல்லவேளை அதற்குத் தேவைப்படவில்லை. டிசம்பர் முதல் வாரம் கவர் வந்தது.

வரைபடத்தில் முன்பக்கக் கட்டடம் மட்டும்தான் இருந்தது. கொட்டகை இல்லை.

மாமா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. ‘இந்தா கயிறு’ என்றார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, எல்லையோர ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. எங்கள் நோட்டில் இத்தனை சம்பவம், ஆனால் எங்கள் பக்கக் காவல் நிலையத்தில் வழக்கு ஒன்றே ஒன்றுதான். கடைக்காரர் தப்பாக எதுவும் செய்து மறைக்கவில்லை, எல்லைக் கோடே மறைத்துவிட்டது. குடிக்க வந்தவன் அந்தப் பக்கத்துக்காரன், அடித்தவனும் அந்தப் பக்கம், அடிபட்டவன் போகிற ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், தகவல் அங்கே இருக்கிற ஸ்டேஷனுக்குப் போகும், ‘சமரசம் ஆயிட்டோம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கக் காகிதத்தில் கடை தங்கம். இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-லிருந்து வந்திருக்கிற பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவில், சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்யலாம், பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள் என்று தெளிவாகவே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். ஆனால் புகார் கொடுக்க ஆள் வேண்டுமே. ஆடிப்பெருக்குப் பையன் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவன் அப்பா சாகவில்லை, எல்லாம் தெரிந்துதான் இருந்தார், நான் போனதும் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து அதிலிருந்த விபத்துப் பதிவேட்டு நகலைக் கையில் கொடுத்தார். ‘பேரு வெளில வராம பாத்துக்குங்க தம்பி’ என்றார். பெயரையும் முகவரியையும் மறைத்துத்தான் இணைத்தோம். இப்படி இரண்டு குடும்பம் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் நாமே போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

சாட்சி கேட்பதில் நான் ஒரு தப்புச் செய்தேன். கடை வாசலில் அவித்த முட்டை, சுண்டல் விற்கிற அக்கா எல்லாவற்றையும் பார்த்தவர். அவரிடம் நேராகப் போய், ‘நீங்க பார்த்ததைச் சொல்லுங்கக்கா’ என்று பேப்பரை நீட்டினேன். ‘இந்தக் கடை இருந்தாத்தான் என் புள்ளைக்கு ஃபீஸு, நீ கட்டுவியா?’ என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. கையெழுத்து வாங்கவில்லை. பின்னாடி அவரே ஒரு நாள் வந்து, ‘கடையை மூடச் சொல்லாத, பின்னாடி கொட்டாயத் தூக்கச் சொல்லு, அங்கதான் லைட்டும் இல்ல, கண்டவனும் வந்து கெடக்குறான்’ என்றார். எங்கள் இரண்டாவது மனுவின் கோரிக்கை உண்மையில் அந்த அக்கா சொன்னதுதான்.

ஜனவரி இரண்டாவது வாரம் கொடுத்தோம். மார்ச்சில் கொடுத்தால் புதுப்பிக்கிற வேலை முடிந்துபோயிருக்கும், அதற்குப் பிறகு ரத்து செய்யச் சொல்வதும் புதுப்பிக்கும்போது ஆட்சேபம் சொல்வதும் ஒன்றில்லை. இந்தத் தடவை இரண்டு பக்கம். மேலே ஐந்து வரியில் கோரிக்கை: வரைபடத்தில் இல்லாத கொட்டகையை அகற்ற வேண்டும், மூடும் நேரம் மீறியதற்கு நடவடிக்கை வேண்டும், வாசலிலும் பின்புறத்திலும் விளக்கும் கேமராவும் வைத்து பதிவைச் சேமிக்க வேண்டும், போதையில் தள்ளாடுகிறவனுக்கு மேலும் கொடுக்கக் கூடாது, இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஏப்ரலில் புதுப்பிக்கக் கூடாது. ‘மூடு’ என்று எங்கும் இல்லை. ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, விலை போய்விட்டேன் என்று கூடச் சொன்னார்கள். கையெழுத்து 312-லிருந்து 41 ஆனது. பரவாயில்லை, அந்த 41 பேரும் கூப்பிட்டால் வந்து நிற்கிறவர்கள். நோட்டின் நகல், வரைபடம், இரண்டு ஆஸ்பத்திரி நகல், ஒன்பது போட்டோ, எல்லாவற்றுக்கும் எண் போட்டு இணைத்தோம். ஆட்சியருக்கு மூலம், கலால், காவல், கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு நகல், நான்கு இடத்திலும் சீல் வைத்து வாங்கிக்கொண்டோம். கைவசம் இன்னொன்றும் வைத்திருந்தார் மாமா, பொதுத் தொல்லை என்று உட்கோட்ட நடுவரிடம் போகிற வழி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ்.-ல் 152. அதுவரை போகவில்லை.

பிப்ரவரியில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். கடைக்காரர் வக்கீலோடு வந்தார். எதிர்பார்த்தபடிதான், ‘ரோட்டில் நடப்பதற்கு என் கட்சிக்காரர் பொறுப்பில்லை, மூன்று வருடத்தில் ஒரே வழக்கு’ என்றார் வக்கீல். எங்கள் தரப்பில் ஐந்து பேர், பேசினது மாமாவும், பள்ளிக்குப் பெண் பிள்ளைகளை அனுப்புகிற இரண்டு அம்மாக்களும். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்குக் கோபம் வரும் என்று மாமாவுக்குத் தெரியும். அதிகாரி நோட்டைப் புரட்டினார், ஒரு இடத்தில் நிறுத்தி, ‘இது யார் எழுதியது, தினமும் எழுதுவீர்களா?’ என்று கேட்டார். அப்புறம் வரைபடத்தை வக்கீலிடம் தள்ளி, ‘இந்தக் கொட்டகை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்’ என்றார். அதற்குப் பிறகு கூட்டம் பத்து நிமிடம்கூட நீளவில்லை.

இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு பதினைந்து நாள் கடைக்குச் சீல் வைத்தார்கள், கொட்டகையைப் பிரித்தார்கள், ஏப்ரலில் நிபந்தனைகளோடு புதுப்பித்தார்கள். கேமரா இருக்கிறது. மூடும் நேரத்துக்கு மூடுகிறார்கள், பெரும்பாலும்.

இடையில் நடந்த இரண்டையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பையன் ஒருவன் ஒரு சண்டையை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான், அதில் இருந்தவர்கள் மறுநாள் ஐந்து பைக்கில் அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீடியோ எடுத்தால் கவருக்குள் போட்டு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும், குழுவில் போட்டால் ஊருக்கு வேடிக்கை, எடுத்தவனுக்கு வினை. இன்னொன்று, சீல் வைத்த அன்று ராத்திரி நான்கைந்து பேர் கடைப் போர்டை உடைக்கக் கிளம்பினார்கள். பெண்கள்தான் வழி மறித்து நிறுத்தினார்கள். உடைத்திருந்தால் நாங்கள்தான் குற்றவாளி, நோட்டு, வரைபடம் எல்லாம் குப்பை. கடைக்காரரும் ஒரு தடவை ஆள் விட்டு, கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஏதாவது செய்கிறேன் என்றார். டீ மட்டும் குடித்துவிட்டு அனுப்பினோம்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. கொட்டகை போனதும் ஒரு கூட்டம் வாய்க்கால் கரைக்கு நகர்ந்தது. தாளடி நடவுக்கு இறங்கிய பெண்களில் இரண்டு பேருக்கு உள்ளங்காலில் பாட்டில் சில்லு ஏறிவிட்டது, சேற்றுக்குள் கிடக்கிற கண்ணாடி கண்ணுக்கா தெரியும். அதையும் நோட்டில் எழுதினோம், போட்டோவோடு கொடுத்தோம், கரையில் இப்போது இரண்டு விளக்கு எரிகிறது, ஒன்று அடிக்கடி அணைந்துவிடும். முட்டைக்கார அக்கா விளக்குக்குக் கீழேயே வண்டியைப் போட்டுக்கொண்டார், வியாபாரம் குறையவில்லை என்கிறார்.

நோட்டு இரண்டாவது வாங்கியாகிவிட்டது. இந்த வருடக் கணக்கு இதுவரை ஏழு வரி, அதில் இரத்தம் என்று எழுதியது ஒன்று. புதுப்பிக்கிற சமயம் நெருங்குகிறது, மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அதனால் இந்தத் தடவை நான் எழுதிப் படித்துக்காட்ட, அவர் படுத்துக்கொண்டே ‘அந்த வார்த்தையை எடு’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.